குறையைச் சொல்லிக் கொடுத்த நாய்கள்

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதத்தில் மயிலாப்பூர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போன வண்டிகளில் பாத்திரமும் படுக்கையும் மட்டுமல்ல, ஹார்மோனியமும் ஆட்டுக்கல்லும் கூடப் போனதை நான் பார்த்தேன். எங்கள் தெருவில் கடைசியாக ஆள் மிஞ்சியது நான்கே வீடுகளில். அதில் ஒன்று எங்களுடையது.

என் கணவருக்குத் தந்தி ஆபீஸில் வேலை. அவருக்கு லீவு கிடையாது. சாந்தோமில் நான் வாத்தியாராக இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மாமனார், மாமியார், நாத்தனார் எல்லோரும் வேலூருக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அவருக்குச் சமைத்துப்போட ஒருத்தி வேண்டாமா என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால், கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு அப்போதுதான் எனக்குக் கிடைத்தது. குண்டு விழுந்தால் விழட்டும் என்றுதான் இருந்தேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

எதிர்வீடு ஒரு வக்கீலுடையது. அவர் குடும்பத்தோடு கும்பகோணம் போனார். அவர்களிடம் ஒரு செவலை நாய் இருந்தது. கடிநாய் என்று தெருவில் பெயர் வாங்கியது. அதை ரயிலில் ஏற்ற முடியாது என்று, பின்கட்டில் விட்டுவிட்டு, பால்காரரிடம் நொய் மூட்டையையும் சாவியையும் கொடுத்து தினமும் கஞ்சி ஊற்றச் சொல்லியிருந்தார். பத்து நாள் போல பால்காரர் வந்தார். பிறகு அவரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு திருவான்மியூர்ப் பக்கம் ஒரு சொந்தக்காரர் தோப்புக்குப் போய்விட்டார்.

அது எனக்குத் தெரியாது. நாயின் சத்தம் நின்றபோதுதான் தெரிந்தது. காலையிலும் மாலையிலும் குரைத்துக்கொண்டே இருந்த நாய், ஒருநாள் மத்தியானம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ப் அந்த வீட்டுப் பக்கச் சந்தில் போட்டு, மதில்மேல் எட்டிப் பார்த்தேன். துவைக்கிற கல்லின் நிழலில் படுத்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம். என்னைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. உறுமுவதற்குக்கூட அதற்குத் தெம்பு இல்லை.

மோர்ச்சோற்றை ஒரு அலுமினியத் தட்டில் போட்டுக் கயிற்றில் கட்டி இறக்கினேன். நான் இறங்கிப் போகிறவரை அது சாப்பிடவில்லை. போன பிறகு தட்டு சுத்தமாக இருந்தது. நான்கு நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் உறுமியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உறுமத் தெம்பு வந்துவிட்டதே.

ஒரு வாரம் கழித்து வக்கீல் வீட்டுப் பின்கதவின் தாழ்ப்பாளை என் கணவர் திருகாணியைக் கழற்றித் திறந்து கொடுத்தார். அவர் பேச்சும் தந்தி மாதிரிதான் இருக்கும். "கடிக்கும். கிட்டப் போகாதே. தட்டை வை. வா." நான் வைத்துவிட்டு வந்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அது என் புடவைத் தலைப்பை முகர்ந்தது, வாலை ஒருமுறை ஆட்டியது. நானும் பெரிய நாய்ப் பழக்கம் உள்ளவள் போல அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தடவப்போனேன். வலது கையின் சதையில் இரண்டு பல் இறங்கியது.

நான் கத்தவில்லை. கத்தினால் அவர் ஓடிவந்து நாயை அடிப்பார் என்று தோன்றியது. குழாயில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அவர் பார்த்தார்.

"கடிச்சதா?"

"ம்."

"ஆழமா?"

"கொஞ்சம்."

"கிளம்பு."

தெருமுனையில் வழக்கமாக நிற்கும் ஜட்காவில் ஏறினோம். வண்டிக்காரர் ஒரு பாய். எங்கள் வயதுதான் இருக்கும். அவருக்கும் குடும்பம் ஆற்காட்டுப் பக்கம் போய்விட்டது, குதிரையைத் தனியாக விடமுடியாது என்று அவர் தங்கிவிட்டார். என் கையைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் கேட்டார்.

"இன்னா டீச்சரம்மா, கையில இன்னா ரத்தம்?"

"நாய் கடிச்சிடுச்சு பாய். வக்கீல் வீட்டு நாய்."

"அந்தச் செவலையா? அது சும்மா கடிக்குதா, தொட்டா கடிக்குதா?"

இந்தக் கேள்வியை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. தொட்டபோதுதான் கடித்தது என்றேன். அவர் வழியெல்லாம் எதையோ யோசித்துக்கொண்டே வந்தார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது என் கையைப் பற்றியல்ல, நாயைப் பற்றி. "உயிரோட இருக்கா?" என்றார். இருக்கிறது என்றோம். அன்றைக்கே வயிற்றில் முதல் ஊசி போட்டார்கள். பதினான்கு ஊசி. ஆனால் பத்து நாள் வரைக்கும் நாய் தின்றுகொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு நன்றாக இருந்தால் அதற்கு வெறி இல்லை என்று அர்த்தம், ஊசியை நிறுத்திவிடலாம் என்றார். "நாயை ஜாக்கிரதையா பாத்துக்குங்க" என்று அவர் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் கணவருக்கு வேடிக்கையாக இல்லை. அன்று சாயங்காலமே சுவர்க் காலண்டரில் தேதிக்குக் கீழே பென்சிலால் "நாய் சாப்பிட்டது" என்று எழுதினார். மறுநாள் "சாப்பிட்டது. தண்ணீர் குடித்தது." மூன்றாம் நாள் "சாப்பிட்டது. தண்ணீர். குரைத்தது." அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பதை நான் அந்த எழுத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள்தான் பாய் வந்தார். நாயைப் பார்க்கவேண்டும் என்றார். பின்கட்டில் ஒரு ஓரமாகக் குந்தி உட்கார்ந்துகொண்டார். பீடி பற்றவைக்கவில்லை, கூப்பிடவில்லை, கையை நீட்டவில்லை. அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கம்மா, தலைய ஒரு பக்கமா சாய்ச்சிக்கினே கீது. அப்பப்போ உதறுது. இடது பக்கம் ஈ உக்காந்தாக்கூட கவ்வப் பாக்குது. காதுல இன்னாவோ கீது."

"வலியா?"

"பின்ன? எங்கிட்ட கீதே குதிரை, அத வித்தவன் இன்னா சொல்லி வித்தான் தெரியுமா? ஷைத்தான், லகான் மாட்டச் சொல்லோ ஒதைக்கும்னான். நான் வாயத் தொறந்து பாக்கறேன், கடவாப்பல்லு ஒண்ணு கோணலா மொளச்சி கன்னத்தக் கிழிச்சிக்கினு கீது. அரத்தால பல்ல ராவி வுட்டேன். அதுக்கப்புறம் கொயந்த மாதிரி ஆயிட்ச்சி."

மறுநாள் காலையில் வேப்பேரியில் இருந்த மிருக ஆஸ்பத்திரிக்கு நாயை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஏற்றியதே பெரிய கதை. பாய் ஒரு நீளத் துணிக் கிழிசலை எடுத்து ஒரு சுருக்குப் போட்டு, நாய் சோற்றில் முகத்தை வைத்திருக்கும்போது மூக்கின்மேல் மாட்டி, கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு என்று கண் மூடித் திறப்பதற்குள் கட்டிவிட்டார். குதிரைக்குத்தான் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு ராயப்பேட்டை வரைக்கும் அரைமனதாகவே நடந்தது. "ஊட்டுக்கு வந்த விருந்தாளிடா, கோச்சிக்காத" என்று பாய் அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார். தெருவில் போகிறவர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஊரே பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தபோது, வாய் கட்டிய நாயோடு ஒரு பெண்பிள்ளை ஜட்காவில் போனால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

அங்கிருந்த டாக்டர் தோல் கையுறை போட்டுக்கொண்டார். நானும் பாயும் அமுக்கிப் பிடித்துக்கொண்டோம். காதுக்குள் இடுக்கியை விட்டு அவர் வெளியே எடுத்தது ஒரு ஊசிப்புல்லின் கதிர். அதன் பின்னால் சீழ் வந்தது. எவ்வளவு நாளாக அங்கே இருந்ததோ. நாற்றத்தில் எனக்குத் தலை சுற்றியது. டாக்டர் காதைக் கழுவி, மருந்தை ஒரு குப்பியில் கொடுத்தார். தினம் இரண்டு வேளை, மூன்று வாரம் ஊற்றச் சொன்னார். "அந்தக் காது இனிமே கேக்கறது சந்தேகம். ஆனா வலி போயிடும்" என்றார்.

மருந்து ஊற்றுவது முதல் சில நாள் பெரும்பாடாக இருந்தது. குப்பியைப் பார்த்தாலே செவலை மாமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். என் கணவர்தான் வழி கண்டுபிடித்தார். நான் மருந்தை எடுக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, துவைக்கிற கல்லில் விரலால் தட்ட ஆரம்பிப்பார். தந்திக் கருவி தட்டுகிற மாதிரி, கட் கடகட் என்று. நாய் நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பி, இது என்ன சத்தம் என்று யோசிக்கும். அந்த நேரத்தில் நான் மருந்தை ஊற்றிவிடுவேன். என்ன தட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "காலையில வந்த தந்திதான். மேலதிகாரிக்கு மாற்றல்" என்றார்.

பத்தாம் நாள் காலண்டரில் "நன்றாக இருக்கிறது" என்று எழுதி இரண்டு கோடு போட்டார். எனக்கு ஊசி நின்றது. செவலைக்கும் சீழ் வற்றிப் பிறகு நின்றுவிட்டது. அதை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். ஒருநாள் காலையில் நான் முற்றம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து, கெட்ட காது இருந்த பக்கத்தை என் முழங்காலில் வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டது. கையில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பாய் இதோடு விடவில்லை. பெட்ரோல் கிடைக்காத காலம், ஜட்கா எங்கும் போகும். போகிற இடமெல்லாம் பூட்டிய வீடுகளும் விட்டுப்போன நாய்களும் அவர் கண்ணில் பட்டன. ஆடி மாதத்தில் தியாகராய நகரிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டையைக் கொண்டுவந்தார். அதற்கு உடம்பில் ஒன்றும் இல்லை. ஆனால் விமானத் தாக்குதல் சங்கைச் சோதனைக்கு ஊதினால் போதும், விறகு அடுக்கியிருந்த மூலைக்குள் புகுந்து தரையை நகத்தால் தோண்டும், மூத்திரம் போய்விடும், சாயங்காலம் வரை வெளியே வராது. இன்னொரு வாரத்தில் அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரர் காலி செய்த பங்களாவிலிருந்து ஒரு சடைநாய் வந்தது. வெள்ளை முடி, வயதானது, இரண்டு கண்ணிலும் பால் படர்ந்து பார்வை போயிருந்தது. காலையில் எழுந்ததும் நாற்காலியில் முட்டும், அதனிடம் மன்னிப்புக் கேட்பது போல ஒருகணம் நின்று, சுற்றிக்கொண்டு போகும்.

கறுப்பியின் பயத்துக்கு மருந்து என் கணவர்தான். தந்தி கற்கவருகிறவர்களுக்கு முதலில் மெதுவாகத் தட்டிக் காட்டுவார்களாம், காது பழகப் பழக வேகம் கூட்டுவார்களாம். அதே முறை. அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் தோட்டத்தின் கோடிக்குப் போய், வாயைக் குவித்துச் சங்கு மாதிரியே ஊதுவார். மிக மெதுவாக, கொசு ரீங்கரிப்பது போல. அதே நேரத்தில் நான் கறுப்பிக்கு ஒரு துண்டு கருவாடு கொடுப்பேன். நாலு நாளைக்கு ஒருமுறை அவர் பத்தடி கிட்டே வருவார், சத்தத்தையும் கொஞ்சம் கூட்டுவார். கடைசியில் கூடத்தில் நின்றே அவர் முழுத் தொண்டையில் ஊதினார். கறுப்பி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் கையைப் பார்த்தது. தெருக்கோடியில் இருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தந்தி ஆபீஸ்ல வேலை ரொம்ப ஜாஸ்தியோ? கொஞ்ச நாள் லீவு போடச் சொல்லும்மா" என்றார்.

அப்படியே மூன்றும் எங்களோடு இருந்திருக்கும். ஆனால் எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர், சேலத்துக்குப் போயிருந்தவர், அங்கிருந்து கார்டு எழுதிவிட்டார். ஊர் அடங்கிவிட்டதால் தாங்கள் திரும்பி வரப்போவதாகவும், தம் வீடு நாய்ப்பட்டி ஆகியிருப்பதாகக் கேள்விப்படுவதாகவும், ஒரு நாய் என்றால் பொறுத்துக்கொள்வதாகவும், மூன்று என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார். அவர் பேரில் எனக்குக் கோபமில்லை. அவரும் ஒரு நாய்க்குச் சம்மதித்திருந்தாரே.

நான் எந்த நாய்க்கும் பெயர் வைக்கவில்லை. செவலை, கறுப்பி என்று நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டதோடு சரி. வைத்தால் விட மனம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் பெயர் வைக்காமல் இருப்பதால் மட்டும் விட மனம் வந்துவிடவில்லை.

செவலைக்கு வீடு கிடைத்தது தியாகராய நகரில். அங்கே திருநெல்வேலிக்காரர் ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. விளக்கை மறைக்கச் சொன்ன நாளிலிருந்து இரண்டுமுறை கடையின் பின்கதவை யாரோ நெம்பிப் பார்த்திருந்தார்கள். நான் ஒரு நாள் போனேன்.

"வாங்கம்மா, என்ன துணி பாக்கீய?"

"துணி வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்கு ஒரு நாய் வேணுமான்னு கேக்க வந்தேன்."

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். நான் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். இடது காது கேட்காது. அந்தக் காதில் மழைத்தண்ணீர் போகக்கூடாது. முன்னே கடித்திருக்கிறது, என்னையே கடித்திருக்கிறது, இதோ தழும்பு. குடை பிடித்தவர் யாராவது வந்தால் நடுங்கும், ஏன் என்று தெரியவில்லை. தயிரைப் பார்த்தால் திருடும்.

அவர் என் கைத் தழும்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எல்லாரும் சரக்கோட குணத்தைச் சொல்லிட்டு வருவாவ. குறையை அடுக்கிக்கிட்டு வந்தது நீங்க ஒருத்திதான். அதுகிட்ட நல்லது ஒண்ணும் இல்லியா?"

"இருக்கு. அதை நீங்களே கண்டுபிடிச்சுக்கலாம்."

"கூட்டிட்டு வாங்க. என் வீட்டம்மாவுக்குப் பிடிச்சா இருக்கட்டும்."

அவர் மனைவிக்குப் பிடித்தது. இரண்டாம் நாளே செவலை கடை வாசலில் நல்ல காதைத் தரையில் வைத்துப் படுக்கக் கற்றுக்கொண்டது. அப்படிப் படுத்தால் வாடிக்கையாளர்கள் பேரம் பேசும் சத்தம் ஒன்றும் அதற்குக் கேட்காது. மாலையில் கடை மூடும்போது எழுந்து, நல்ல காது மேலே இருக்கும்படி திரும்பிப் படுக்கும். இதை அண்ணாச்சியே எனக்கு நடித்துக் காட்டினார்.

கறுப்பி அடையாற்றுக்குப் போனது. ஆற்றங்கரையில் ஒரு பெரிய தோட்டத்தைக் காவல் காத்த குடும்பம், நான்கு குழந்தைகள். அந்தக் குழந்தைகளில் ஒன்றுக்கும் சங்கு ஊதினால் பயம். கருவாட்டு வைத்தியத்தை நான் அந்தத் தாயிடம் சொல்லிக் கொடுத்தேன். நாய்க்கா பிள்ளைக்கா என்று அவள் கேட்டாள். இரண்டுக்கும் என்றேன்.

மிச்சமிருந்தது கண் தெரியாத சடைநாய். கேட்டுப் பார்த்த இடமெல்லாம் "ஐயோ பாவம்" என்றார்களே தவிர யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் அனுமதித்த ஒன்றாக அது எங்களோடு இருந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் எதிர்வீட்டு வக்கீல் திரும்பி வந்தார். சாமான் இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, குடையோடு எங்கள் வாசலில் நின்றார்.

"ஏம்மா, ஆத்துல நாயைக் காணோமே. பால்காரன் போயிட்டான்னு இப்பதான் சொல்றா. செத்துப்போயிடுத்தா?"

"இல்லை சார். நல்லா இருக்கு." நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாழ்ப்பாள் கழற்றியதைக்கூடச் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. "என்னை ஒரு வார்த்தை கேக்காம நீங்களே யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டேளா? ஒரு கார்டு போட்டிருக்கப்படாதா?"

அவர் சொன்னது நியாயம். கும்பகோணத்து விலாசம் பால்காரரிடம்தான் இருந்தது என்று நான் சமாதானம் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் விசாரித்துத் தெரிந்துகொள்ள முயற்சியே செய்யவில்லை. அவர் வேண்டுமென்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். "தப்புதான் சார்" என்றேன். "வாங்க, காட்டறேன்."

பாய் வண்டியில் போனோம். பனகல் பார்க்கைத் தாண்டி வண்டி நின்றது. தூறிக்கொண்டிருந்ததால் வக்கீல் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.

கடை வாசலில் படுத்திருந்த செவலை தலையைத் தூக்கியது. அவரைத் தெரிந்துகொண்டது. எழுந்து, உடம்பெல்லாம் ஆட, நான்கு எட்டில் ஓடிவந்தது. பாதியில் குடையைப் பார்த்தது. அப்படியே வயிறு தரையில் பட அமுங்கி நடுங்கியது. வால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. சந்தோஷமும் பயமும் ஒரே உடம்பில் அப்படி ஒன்றாக வந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

வக்கீல் நின்றார். குடையைப் பார்த்தார். அதை மடக்கி, மழையிலேயே தெரு ஓரத்தில் போட்டுவிட்டு, ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். செவலை ஊர்ந்து வந்து அவர் மடியில் தலையை வைத்தது. அவர் கை பழக்கத்தில் இடது காதுக்குக் கிட்டே போய், சட்டென்று பின்வாங்கியது.

"தொடுங்க சார். இப்ப ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

தொட்டார். மெதுவாக, காதின் அடிவரை தடவினார். செவலை கண்ணை மூடிக்கொண்டது.

"இங்கே தொட்டாத்தான் கடிப்பான்," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "ஒரு வருஷம் இருக்கும். கொழந்தையைக் கடிச்சான், ஆத்துக்காரியைக் கடிச்சான். துஷ்டன்னு நெனச்சுண்டு இருந்தேன். குடையாலேயே அடிப்பேன். அடிச்சா புத்தி வரும்னு..."

கடைக்காரர் வெளியே வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். "சார், உங்க பிள்ளைதான? கூட்டிட்டுப் போங்க. எங்க வீட்ல கொஞ்சம் அழுவாவ, அவ்வளவுதான்" என்றார்.

வக்கீல் நாயின் தலையை மடியிலிருந்து மெல்ல எடுத்துவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வேண்டாம். இங்கே நன்னா இருக்கான். நான் அப்பப்போ வந்து பாத்துட்டுப் போறேன், ஆட்சேபணை இல்லியே?"

"எப்ப வேணும்னாலும் வாங்க. குடை மட்டும் வேண்டாம்," என்றார் கடைக்காரர். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். உள்ளேயிருந்து காப்பி வந்தது.

திரும்பி வரும்போது வக்கீல் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். குடையை எடுத்துவர அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. லஸ் முனை வந்தபோது, "உங்காத்து முற்றத்துல ஒரு வெள்ளை நாயைப் பாத்தேனே, அது யாருது?" என்றார்.

நான் பட்டியலை ஆரம்பித்தேன். இரண்டு கண்ணும் தெரியாது. வயசு பத்துக்கு மேல். வீட்டில் நாற்காலியை இடம் மாற்றக்கூடாது. முடியை வாரம் இரண்டுமுறை சீவ வேண்டும், இல்லாவிட்டால் சிக்கு விழும். கூப்பிடாமல் தொட்டால் திடுக்கிடும்.

"கடிக்குமா?"

"இதுவரைக்கும் இல்லை. ஆனா வலிச்சா எதுவும் கடிக்கும் சார்."

முன்னால் உட்கார்ந்திருந்த பாய் எங்கள் பக்கம் திரும்பினார். "நைனா, அந்த நாயி ரொம்ப மரியாதி. நாக்காலிய இட்ச்சா கூட அதுக்கு சலாம் வெச்சிட்டுப் போவுது."

மறுநாள் காலையில் வக்கீலும் அவர் மனைவியும் சேர்ந்து வந்து சடைநாயை அழைத்துப்போனார்கள். அழைத்துப்போவது என்றால், தெருவைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அம்மாள் தன் வீட்டு நாற்காலிகளின் காலைச் சுற்றிச் சுண்ணாம்பால் தரையில் வட்டம் போட்டுவைத்தாள். பெருக்குகிறவள் நகர்த்தினாலும் மறுபடி அதே இடத்தில் வைக்கவேண்டும் என்று. தினம் காலையில் வக்கீல் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கோயில் குளத்தைச் சுற்றி வருவார். கோர்ட்டில் கறாரான மனுஷர் என்று பெயர். நாயிடம் மட்டும், "படி வருது, மெதுவா," "மாடு நிக்கறது, இந்தப் பக்கம் வா" என்று முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே நடப்பார்.

எங்களுக்கு வீட்டுக்காரர் அனுமதித்த ஒரு நாயின் இடம் அதன் பிறகு காலியாகவே இருந்ததில்லை. ஒன்று போனால் பாய் இன்னொன்றைக் கொண்டுவந்துவிடுவார். பள்ளிக்கூடம் திறந்ததும் காலையில் மருந்து, மாலையில் பயம் தெளியப் பழக்குவது என்று நேரம் வைத்துக்கொண்டோம். சொறி பிடித்தது, காலொடிந்தது, ஆண்பிள்ளைகளைக் கண்டால் ஒளிவது, சோற்றுத் தட்டின் அருகே யாரையும் விடாதது என்று பலவும் வந்தன. எல்லாம் குணமாகவில்லை. ஒரு சாம்பல் நிற நாயை மூன்று வீட்டில் கொடுத்தும் மூன்று வீட்டிலிருந்தும் திரும்பி வந்தது. எதற்குக் கடிக்கிறது என்று கடைசிவரை எங்களுக்குப் புரியவே இல்லை. பாய் அதைத் தம் லாயத்துக்குக் கொண்டுபோனார். குதிரையை மட்டும் அது கடிக்கவில்லையாம். அங்கேயே இருந்துவிட்டது.

யுத்தம் முடிந்த மறுவருஷம் வக்கீலின் சடைநாய் வயதாகிச் செத்துப்போயிற்று. தோட்டத்தில் புதைத்தார்கள். நாங்களும் போயிருந்தோம். இன்னொன்று வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். வக்கீல் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு தெருநாயின் தலை. மூக்கில் துணிக் கட்டு, கோணல்மாணலாக இருந்தாலும் பாய் போடுகிற அதே முடிச்சு. கச்சேரி ரோட்டிலிருந்து நொண்டிக்கொண்டே அவர் பின்னால் வந்ததாம்.

"பின்னங்கால் பாதத்துல ஏதோ இருக்கு. எனக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியலை. நீங்க எடுங்கோ, நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

அவர் மனைவி விளக்கைக் கிட்டே பிடித்தாள். விரல் இடுக்கில் கருவேல முள், பாதிக்குமேல் உள்ளே போயிருந்தது. நகத்தால் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். வக்கீல் கட்டை அவிழ்த்துவிட்டார். நாய் எழுந்து மூன்று காலில் நின்று எங்களைப் பார்த்தது. பிறகு நான்காவதையும் மெல்ல ஊன்றிப் பார்த்தது.